சுவரில் எழுதப்பட்ட 'நாம்' யார்?

பெங்களூரின் வெளிவட்டச் சாலையிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ உள்ள ஏதேனும் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைபவரின் கண்ணில் முதலில் படுவது ஒரு வாக்கியம். வரவேற்புக்கூடத்தின் பெருஞ்சுவரில், நிறுவனத்தின் முத்திரை வண்ணத்தில், ஆங்கிலத்தில், புடைப்பெழுத்துகளாக அது நிற்கும். இங்கே எல்லோரும் ஒரே குடும்பம் என்று ஒரு சுவர் சொல்லும். இங்கே ஒவ்வொரு குரலும் கேட்கப்படும் என்று இன்னொரு சுவர் சொல்லும். அச்சொற்களைத் தேர்ந்தெடுக்கவும், எழுத்துருவை முடிவுசெய்யவும், அவற்றின் மீது எந்தக் கோணத்தில் ஒளி விழவேண்டும் என்று கணக்கிடவும் ஒரு வடிவமைப்பு நிறுவனம் மாதக்கணக்கில் உழைத்திருக்கும்.

அதே கட்டடத்தின் பின்புறம், சரக்குப் பெட்டிகளும் குப்பைப் பைகளும் ஹவுஸ்கீப்பிங் பணியாளர்களும் ஏறியிறங்கும் சர்வீஸ் லிஃப்ட்டின் அருகே வேறொரு வாக்கியம் இருக்கும். வெள்ளைத் தாளில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையிட்டு, நான்கு மூலையிலும் செல்லோ டேப் ஒட்டியது. அது கன்னடத்தில் இருக்கும். பெரும்பாலும் இந்தியும் உடனிருக்கும். 'உகுளபேடி' என்றால் துப்பாதீர்கள். 'பிரவேஷவில்லா' என்றால் உள்ளே வர அனுமதி இல்லை. இந்த வாக்கியத்துக்கு எழுத்துரு ஆலோசகர் இல்லை; ஒளியமைப்பும் இல்லை.

ஒரே கட்டடத்தில் வாக்குறுதி ஆங்கிலத்திலும் தடை உள்ளூர் மொழியிலும் எழுதப்படுகிறது. பணியிடத்தின் வடிவமைப்பு ஒரு நிறுவனத்தின் பிராண்டைப் பிரதிபலிக்கிறது என்று உள்அலங்கார நிறுவனங்கள் ஓயாமல் சொல்லிவருகின்றன. அந்தக் கூற்று முற்றிலும் உண்மை. ஆனால் அதைச் சொல்பவர்கள் முன்சுவரை மட்டுமே படிக்கிறார்கள். பின்சுவரையும் சேர்த்துப் படித்தால்தான் பிராண்ட் முழுதாக வாசிக்கப்படுகிறது. அப்படி வாசிக்கும்போது அது சொல்லும் செய்தி, வரவேற்புக்கூடம் சொல்லும் செய்திக்கு நேர்மாறாக இருக்கிறது.

பணியிடத்தை நிறுவனத்தின் முகமாக்கும் எண்ணம் புதியதன்று. 1907இல் பெர்லினின் ஏஇஜி என்ற மின்சாதன நிறுவனம் பீட்டர் பெரன்ஸைத் தன் கலை ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. விளம்பரத் தாள்கள், மின்விசிறிகள், 1909இல் எழுந்த டர்பைன் ஆலை என அந்நிறுவனத்தின் பெயர் தாங்கிய அனைத்தும் ஒரே கையின் சாயலைப் பெற்றன. அதற்குச் சற்று முன்னரே, 1906இல், அமெரிக்காவின் பஃபலோ நகரில் அஞ்சல்வழியே சோப்பு விற்றுவந்த லார்க்கின் நிறுவனத்துக்காக பிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்த நிர்வாகக் கட்டடம் நிறைவடைந்தது. இன்றைய வரவேற்புக்கூடச் சுவர்களுக்கு அதுவே பாட்டன். அக்கட்டடத்தின் நடுக்கூடத்தில், மேல்தளச் சுவர்களில், மும்மூன்று சொற்களாக 14 தொகுதிகள் பொறிக்கப்பட்டிருந்தன. அறிவு, ஊக்கம், கட்டுப்பாடு என்பது அவற்றுள் ஒன்று. கீழே வரிசை வரிசையாக எழுத்தர்கள் அமர்ந்து கடிதங்களைக் கையாண்டனர். அவர்களது நாற்காலிகள் சில மேசையோடு பிணைக்கப்பட்டிருந்தன. தரையைத் துடைப்பதற்கு அந்த ஏற்பாடு வசதி. மேலே நற்பண்புகள், கீழே பிணைத்த நாற்காலி. பின்னாளில் நிறுவனம் நொடித்தது. கட்டடம் கைமாறி, 1950இல் இடிக்கப்பட்டது.

இந்தியாவில் இக்கலை சுவரில் தொடங்காமல் ஊர்ப்பெயரில் தொடங்கியது. சாக்சி என்ற ஊர் 1919இல் ஜம்ஷெட்பூர் ஆயிற்று. அதன் அருகிலிருந்த காளிமாட்டி ரயில் நிலையம் டாடாநகர் ஆயிற்று. 1930களில் ஹூக்ளிக் கரையில் ஒரு செருப்பு நிறுவனத்தின் பெயரால் பாட்டாநகர் எழுந்தது. ஊருக்குப் பெயரிடும் உரிமை யாருக்கு உண்டோ, அவர் அங்கே வாழ்வோரின் முகவரியையும் எழுதுகிறார். ஆனால் அந்தப் பழைய ஆலை நகரங்களில் ஒரு நேர்மை இருந்தது: முதலாளியின் பெயர் முதலாளியின் பெயராகவே நின்றது. தொழிலாளியைப் பார்த்து 'இது உன் வீடு' என்று ஆலையின் சுவர் கொஞ்சிப் பேசவில்லை. இன்றைய சுவர் கொஞ்சுகிறது. சிக்கல் அந்தக் கொஞ்சலில்தான் தொடங்குகிறது.

இந்தச் சுவர் வாசகங்களைத் தாங்கி நிற்பது ஒரே ஒரு சிறு சொல்: ஆங்கிலத்தின் தன்மைப் பன்மை. அச்சொல்லைத் தமிழாக்க முயன்ற எவருக்கும் அதன் தந்திரம் தெரியும். தமிழில் அதற்கு ஒரு சொல் போதாது. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்'. கேட்பவரை விலக்கிச் சொன்னால் 'நாங்கள்'. முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கணம் வகுத்துவைத்திருக்கிறது. தெலுங்கில் 'மனமு' வேறு, 'மேமு' வேறு. மலையாளத்தில் 'நம்மள்' வேறு, 'ஞங்ஙள்' வேறு. மராத்தியில் 'ஆபண்' வேறு, 'ஆம்ஹி' வேறு. இம்மொழிகளில் வாய் திறக்கும் ஒருவர், எதிரில் நிற்பவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பதை முடிவுசெய்யாமல் அந்தச் சொல்லை உச்சரிக்க முடியாது. ஆங்கிலம் அந்த முடிவைத் தள்ளிப்போட இடம் தருகிறது. இந்தியும் இன்றைய கன்னடமும்கூட இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

ஆகவே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஹைதராபாத்தின் ஹைடெக் சிட்டியில் ஒரு நிறுவனம் தன் வரவேற்புக்கூடத்து வாக்கியத்தைத் தெலுங்கில் எழுத முன்வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சுவரைத் துடைக்கும் பெண்ணுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும். 'மனமு' என்று எழுதினால் அவளும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிடுகிறாள். பிறகு அவள் எங்கே சாப்பிடுகிறாள், எந்த லிஃப்ட்டில் ஏறுகிறாள், அவளது ஊதியச் சீட்டில் யாருடைய பெயர் இருக்கிறது என்ற கேள்விகள் வரிசையாக வரும். 'மேமு' என்று எழுதினால், அவள் எதிரிலேயே 'நீ தவிர்த்த நாங்கள்' என்று சுவர் அறிவித்ததாகும். நிறுவனத்துக்கு இரண்டும் சங்கடம். ஆங்கிலம் அந்தச் சங்கடத்தை எழவே விடுவதில்லை. உலகமொழி, இணைப்புமொழி என்ற காரணங்கள் ஒருபுறம் இருக்கட்டும். சுவரில் ஆங்கிலம் அத்தனை உறுதியாக அமர்ந்திருப்பதற்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

2019இல் ஹைதராபாத்தில் அமேசான் நிறுவனம் 15,000 பேர் பணிபுரியத்தக்க வளாகத்தைத் திறந்தது. உலகில் தனக்குள்ள கட்டடங்களில் அதுவே பெரியது என்றும் அறிவித்தது. இத்தகைய எண்கள் பொதுவாக மேசைகளின் கணக்கு. அம்மேசைகளைத் துடைப்போருக்கு மேசை கிடையாது; எனவே எந்த வளாகத்தின் திறப்புவிழாச் செய்தியிலும் அவர்களது எண்ணிக்கை வருவதில்லை.

ஒரு நகரத்தின் பெயர்ப்பலகைகளையும் அறிவிப்புகளையும் தொகுத்து ஆராயும் துறைக்கு மொழி நிலக்காட்சி ஆய்வு என்று பெயர். 1997இல் ரோட்ரிக் லாண்ட்ரியும் ரிச்சர்ட் பூர்ஹிஸும் எழுதிய கட்டுரை அத்துறைக்கு அடித்தளமிட்டது. பலகையில் ஒரு மொழி இடம்பெறுவதற்கு இரு பயன்கள் உண்டு என்று அவர்கள் பிரித்தனர். ஒன்று, தகவல் தருதல்: இங்கே இந்த மொழியில் பேசினால் காரியம் நடக்கும் என்று அறிவித்தல். மற்றது, குறியீடாதல்: இந்த மொழியினருக்கு இங்கே மதிப்பு உண்டு என்று உணர்த்தல். இந்திய அலுவலகங்களில் ஆங்கிலம் இரண்டு பயனையும் சேர்த்து அனுபவிக்கிறது. உள்ளூர் மொழியோ இரண்டாக வெட்டப்பட்டு இரண்டு இடத்தில் வைக்கப்படுகிறது. குறியீடு முன்கூடத்துக்குப் போகிறது. தகவல் பின்கூடத்துக்குப் போகிறது.

முன்கூடத்தில் உள்ளூர் மொழிக்குக் கிடைப்பது பெயர்ச்சொல் வேலை. கூட்ட அறைகளுக்கு ஆறுகள், கோட்டைகள், மசாலாப் பொருள்கள், ராகங்கள் ஆகியவற்றின் பெயர்களைச் சூட்டுவது இன்று ஒரு மரபாகவே ஆகிவிட்டது. காவிரி அறையில் விற்பனைக் குழு கூடும். ஹம்பி அறையில் நேர்காணல் நடக்கும். 2025 பிப்ரவரியில் பெங்களூரின் மகாதேவபுராவில் கூகுள் திறந்த பெரிய வளாகத்தின் பெயர் 'அனந்தா'. எல்லையற்றது என்ற பொருள்படும் சமஸ்கிருதச் சொல். அதன் நடுவே உள்ள பொதுக்கூடத்துக்கு 'சபா' என்று பெயர். 2021இல் நொய்டாவில் மைக்ரோசாஃப்ட் திறந்த அலுவலகம் தாஜ்மகாலை முன்மாதிரியாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. இதற்கு நேரெதிர்த் திசையில், 2009இல் மைசூரில் இன்ஃபோசிஸ் திறந்த பயிற்சி மையம் கிரேக்க, ரோமானியத் தூண்களோடு எழுந்தது. அதை வடிவமைத்தவர் ஹஃபீஸ் கான்ட்ராக்டர். ரோமாபுரியின் தூணானாலும் ஆக்ராவின் வளைவானாலும் அது பேசுவது ஒரே திசையில்: வந்து பார்க்கும் வாடிக்கையாளரிடமும், வேலைக்குச் சேரப்போகும் பட்டதாரியிடமும். இம்முயற்சிகளின் அழகைக் குறைசொல்ல வேண்டியதில்லை. உள்ளூர் மரபுக்கு ஓர் இடம் கிடைப்பது நல்லதே. ஆனால் பெயர்ச்சொல் மட்டும் கொண்டு எந்த மொழியும் பேசிவிட முடியாது. வாக்கியத்துக்கு வினை வேண்டும்; வினைக்கு எழுவாய் வேண்டும். 'காவிரி' என்ற பெயர்ப்பலகை எவருக்கும் எதையும் வாக்களிப்பதில்லை.

வினைச்சொற்களைத் தேடினால் பின்கூடத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே உள்ளூர் மொழி முழு வாக்கியங்களாகப் பேசுகிறது. ஆனால் அவ்வாக்கியங்கள் அனைத்தும் ஏவல்கள். அவற்றுள்ளும் பெரும்பகுதி எதிர்மறை ஏவல்கள். துப்பாதே, உட்காராதே, செருப்போடு வராதே, கைபேசி கொண்டுபோகாதே, இந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தாதே. மூவிடங்களில் முன்னிலை மட்டுமே உண்டு. தன்மையும் இல்லை, படர்க்கையும் இல்லை. ஒரு மொழியின் இலக்கணத்தில் இத்தனை வளம் இருக்க, ஒரு கட்டடம் அதிலிருந்து எதிர்மறை ஏவலை மட்டும் பொறுக்கியெடுத்தால், அம்மொழியைப் பேசுவோரைப் பற்றி அந்தக் கட்டடம் என்ன நினைக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சுவரிலுள்ள ஆங்கில வாக்கியம் வெறும் அலங்காரம், அதைச் சட்டப்பத்திரம் போலப் படிக்கலாமா என்று கேட்போர் உண்டு. ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றி, 1962இல் நூலான சொற்பொழிவுகள் இதற்கு விடை தருகின்றன. சில கூற்றுகள் உலகை வருணிப்பதில்லை. அவை உச்சரிக்கப்படும்போதே ஒரு செயலைச் செய்கின்றன. வாக்குக் கொடுத்தல் அத்தகையது. ஆனால் அச்செயல் நிறைவேறச் சில நிபந்தனைகள் உண்டு. சொல்பவருக்கு அதற்கான அதிகாரம் இருக்கவேண்டும். கேட்பவருக்கு அது சென்றுசேர வேண்டும். சொன்னபடி நடக்கும் எண்ணமும் நடத்தையும் வேண்டும். ஒவ்வொரு குரலும் கேட்கப்படும் என்ற வாக்கியம், அதைப் படிக்க முடியாத ஒருவர் நாள்தோறும் அதன் முன்னால் குனிந்து தரை துடைக்கும்போது, எந்த நிபந்தனையை நிறைவேற்றுகிறது? அது அவருக்குச் சென்றுசேரவே இல்லை. வாக்குறுதியின் வடிவத்தில் இருக்கும் வாக்குறுதி அல்லாத ஒன்று அது.

இதுவரை சொன்னது மரியாதையைப் பற்றிய பேச்சு மட்டுமே என்றால் விட்டுவிடலாம். ஆனால் ஒரு பணியிடத்தின் சுவர் தொழிலாளிக்குச் சில சொற்களைக் கடன்பட்டிருக்கிறது என்று இந்தியச் சட்டம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆலையில் வைக்கவேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்கள் புரிந்துகொள்ளும் மொழியிலும் இருக்கவேண்டும் என்றது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1971இல் வகுக்கப்பட்ட நடுவண் விதிகள் இன்னும் தெளிவாகப் பேசின. ஊதிய விகிதம், வேலைநேரம், ஊதியம் வழங்கும் நாள், ஆய்வாளரின் பெயரும் முகவரியும், ஊதியம் கிடைக்காமல் நிலுவையில் நின்றால் அது வழங்கப்படும் நாள் ஆகியவற்றை ஆங்கிலத்திலும் இந்தியிலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் உள்ளூர் மொழியிலும், எளிதில் கண்ணில் படும் இடத்தில் வைக்கவேண்டும் என்றன. எளிதில் கண்ணில் படும் இடம் என்ற சொல்லாட்சியைக் கவனிக்கவேண்டும். பணியிட வடிவமைப்பின் முதல் விதியைச் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. அதைப் படித்த உள்அலங்கார வடிவமைப்பாளர் எத்தனை பேர்?

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், புகார் விசாரிக்கும் உள்ளகக் குழுவை அமைத்த ஆணையையும், குற்றத்துக்கான விளைவுகளையும் கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சொல்கிறது. அச்சட்டத்தில் 'பணியாளர்' என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள விளக்கம் ஒப்பந்ததாரர் வழியே வேலைக்கு வந்தவரையும் உள்ளடக்குகிறது. முதன்மை வேலையளிப்பவருக்கு அது தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும். அதாவது, இரவுப் பணியில் ஆளற்ற தளத்தில் தனியாகக் குப்பைக் கூடைகளைக் காலிசெய்யும் பெண்ணும் அந்தச் சட்டத்தின் கண்ணில் அந்நிறுவனத்தின் பணியாளரே. அவளுக்கு ஒரு தீங்கு நேர்ந்தால் யாரிடம் போகவேண்டும் என்ற தகவல், அவளால் படிக்க முடியாத மொழியில், மனிதவளத் துறையின் அறைக்குள், வண்ணப்பொருத்தம் கெடாதபடி சிறு எழுத்தில் ஒட்டப்பட்டிருந்தால், அந்தச் சட்டம் அவளைப் பொறுத்தவரை இயற்றப்படவே இல்லை. 'துப்பாதே' என்பதை அவளுடைய மொழியில் எழுத முடிந்த நிறுவனத்தால், 'உனக்கு நேர்ந்ததை இங்கே சொல்லலாம்' என்பதை அதே மொழியில் எழுத முடியவில்லை என்றால், தடையாக இருந்தது மொழி அன்று.

கட்டடம் மனிதருக்குச் சொல்லவேண்டிய சொற்களில் மிகவும் அவசரமானது, வெளியேறும் வழி. 2010 பிப்ரவரி 23 அன்று பெங்களூரின் கார்ல்டன் டவர்ஸ் அலுவலகக் கட்டடத்தில் தீப்பிடித்துப் புகை சூழ்ந்தபோது 9 பேர் இறந்தனர். மேல்மாடிகளிலிருந்து குதித்தவர்களும் அவர்களுள் உண்டு. புகை நிறைந்த படிக்கட்டில் எவரும் பிராண்டைப் படிப்பதில்லை. எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது, எங்கே கூடவேண்டும் என்ற மூன்று தகவல்களும் அக்கட்டடத்தில் மூச்சுவிடும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே, அவரவர் மொழியில் தெரிந்திருக்கவேண்டும். தீயணைப்புப் பயிற்சி ஆங்கில மின்னஞ்சலில் அறிவிக்கப்படும் இடங்களில், நிறுவன மின்னஞ்சல் முகவரி இல்லாதவர்களுக்கு அந்தப் பயிற்சியும் இல்லை.

எதிர்வாதங்கள் மூன்று. அவற்றுக்குத் தனித்தனியே விடை சொல்லவேண்டும்.

முதலாவது, எத்தனை மொழியில்தான் எழுதுவது என்ற கேள்வி. பெங்களூரின் துப்புரவுப் பணியாளர்களுள் வட கர்நாடகத்தினர் உண்டு. ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. இது உண்மை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பது எந்தத் தொழில்துறை என்று பார்க்கவேண்டும். தன் செயலிகளை ஒன்பது பத்து இந்திய மொழிகளில் விற்கும் துறை இது. வாடிக்கையாளருக்கு ஒடியாவில் பேசும் நிறுவனம், தன் தளத்தைத் துடைப்பவருக்கு ஒடியாவில் நான்கு வரி எழுத வழியில்லை என்று சொன்னால் நம்புவதற்கில்லை. பணியாளர்களிடம் எந்த மொழி படிக்கத் தெரியும் என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். எழுத்தே தெரியாதவருக்கு வாயால் சொல்லலாம். யாரும் கேட்பதில்லை என்பதே குறை.

இரண்டாவது, அவர்கள் எங்கள் பணியாளர்கள் அல்லர், ஒப்பந்ததாரரின் ஆள்கள் என்ற வாதம். சட்டத்தின் விடை மேலே சொல்லப்பட்டது. பிராண்டின் தர்க்கமும் இவ்வாதத்தை ஏற்காது. வாசலில் நிற்கும் காவலாளி நிறுவனத்தின் வண்ணத்தில் சீருடை அணிகிறார். காபி கொண்டுவரும் இளைஞரின் ஏப்ரனில் நிறுவனத்தின் இலச்சினை இருக்கிறது. விருந்தினர் வரும் நாளில் அவர்கள் எப்படிப் புன்னகைக்கவேண்டும் என்றுகூடச் சில இடங்களில் பயிற்சி தரப்படுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அவர்கள் நிறுவனத்தின் பகுதி. பொறுப்பு என்று வரும்போது ஒப்பந்ததாரரின் பகுதி. உடலில் முத்திரை குத்தும் உரிமை ஒருவருக்கு இருக்குமானால், அந்த உடலுக்குரிய கடமையும் அவருக்கே.

மூன்றாவது, பெயர்ப்பலகைகளில் கன்னடம் வந்துவிட்டதே என்ற சமாதானம். பெயர்ப்பலகைகளில் 60 விழுக்காடு கன்னடம் இருக்கவேண்டும் என்று கர்நாடகம் 2024இல் சட்டத்திருத்தம் செய்தது. அந்தக் கோரிக்கையில் நியாயம் உண்டு. ஆனால் எழுத்து வேறு, மொழி வேறு. 'வெல்னெஸ் ஸ்டூடியோ' என்பதைக் கன்னட எழுத்தில் எழுதினால் அது கன்னடம் ஆகிவிடாது. பலகையில் கன்னட எழுத்து கூடும், கன்னடத்தில் சொல்லப்படும் செய்தி கூடாது. சட்டம் வாயிற்கதவோடு நின்றுவிடுகிறது. மொழி இயக்கங்களும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. தெருவைப் பார்த்த பலகையில் தாய்மொழியின் மானத்தைக் காக்கும் போராட்டம், உள்ளே அதே மொழி பேசும் பெண்ணுக்கு அவளது ஊதிய நாள் எந்த மொழியில் அறிவிக்கப்படுகிறது என்று கேட்கத் தொடங்கும்போதுதான் முழுமை பெறும்.

பணியிட வடிவமைப்பு என்னும் மொழியைத் தொழிலாளர்கள் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதற்குக் கேரளம் சான்று. அங்கே பெரிய ஜவுளிக் கடைகளின் பிராண்ட் பளிங்குத் தரையிலும் கண்ணாடியிலும் மட்டும் இருக்கவில்லை. பட்டுச்சேலை உடுத்து, நாள் முழுதும் நின்றபடி, வாடிக்கையாளரை வரவேற்கும் விற்பனைப் பெண்களின் உடலிலும் இருந்தது. அவர்கள் உட்கார்ந்தால் கடையின் தோற்றம் கெட்டுவிடும் என்று கருதப்பட்டது. ஆகவே முக்காலிகூட வடிவமைப்பில் இடம்பெறவில்லை. கழிப்பறை இல்லாத கடைகளில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டனர். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் பி. விஜி முன்னின்று உருவாக்கிய 'பெண்கூட்டு' அமைப்பு கழிப்பறைக்காகவும் இருக்கைக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடியது. 2018இல் கேரள அரசு கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, உட்காரும் உரிமையை எழுதியது. 2021இல் தமிழ்நாடும் அதேபோன்ற திருத்தத்தைக் கொண்டுவந்தது.

அந்தப் பெண்கள் செய்தது ஒரு வாசிப்பு. நாற்காலி இல்லாத தளம் 'நீ பார்வைப் பொருள்' என்று சொல்வதை அவர்கள் படித்தார்கள். வடிவமைப்புப் பட்டம் பெறாதவர்கள், விருது வாங்கிய வடிவமைப்பாளர்கள் தவறவிட்ட வாக்கியத்தைக் கண்டுபிடித்து, அதைத் திருத்தியும் எழுதினார்கள். இந்தியாவில் அண்மைக் காலத்தில் நடந்த பணியிட வடிவமைப்புச் சீர்திருத்தங்களுள் இதற்கு ஈடானது வேறில்லை. ஆனால் பணியிட வடிவமைப்பைப் பற்றிப் பளபளப்பான தாளில் பேசும் எவரும் இதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆகவே தம் பணியிடம் தம் பிராண்டைப் பிரதிபலிக்கவேண்டும் என்று மெய்யாகவே விரும்பும் நிறுவனங்கள் செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. சட்டம் கோரும் அறிவிப்புகளைச் சர்வீஸ் லிஃப்ட்டின் பின்னாலிருந்தும் கோப்புகளிலிருந்தும் வெளியே எடுத்து, வரவேற்புக்கூடத்து வாக்கியத்துக்குத் தரும் அதே எழுத்துரு, அதே ஒளி, அதே அக்கறையோடு, பணியாளர் படிக்கும் மொழிகளில் வைக்கவேண்டும். எந்த மொழிகள் என்பதை ஆண்டுதோறும் அவர்களிடமே கேட்டு முடிவுசெய்யவேண்டும். தடைகளை எழுதும் மொழியிலேயே உரிமைகளையும் எழுதவேண்டும். ஒரு மொழியில் 'கூடாது' என்று பத்து பலகை இருந்தால், 'உண்டு' என்று ஒரு பலகையாவது இருக்கவேண்டும். தீயணைப்புப் பயிற்சியில் காவலாளியும் துப்புரவாளரும் முதல் வரிசையில் நிற்கவேண்டும். அவர்கள் உட்காரவும் உண்ணவும் உடைமாற்றவும் ஓர் இடம் கட்டட வரைபடத்திலேயே இருக்கவேண்டும். படிக்கட்டின் அடியிலும் மின்பலகை அறையிலும் அவர்களே தேடிக்கொள்ளும்படி விடக்கூடாது. இவற்றுக்கு ஆகும் செலவு, வரவேற்புக்கூடத்துச் செடிச்சுவரைப் பராமரிக்கும் செலவைவிடப் பெரிதாக இராது.

செய்ய மனமில்லையென்றால் இன்னொரு வழியும் உண்டு. அந்த ஆங்கில வாக்கியத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிடலாம். நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளலாம். பழைய ஆலை முதலாளிகளுக்கு இருந்த அந்த நேர்மையாவது மிஞ்சும்.

புடைப்பெழுத்துகளில் தூசி சீக்கிரம் படியும். காலையில் ஊழியர்கள் வருமுன் ஒருவர் ஈரத்துணியோடு வந்து, ஒவ்வோர் எழுத்தின் மேல்விளிம்பையும் துடைத்துவிட்டுப் போகிறார். அவ்வெழுத்துகளை அவர் அளவுக்கு நெருங்கிப் பார்த்தவர் அந்தக் கட்டடத்தில் வேறெவரும் இல்லை. அந்த வாக்கியம் என்ன சொல்கிறது என்று யாராவது ஒருநாள் அவரிடம், அவருடைய மொழியில், சொல்லிக்காட்டட்டும். அப்போது 'நாம்' என்று சொல்வார்களா, 'நாங்கள்' என்று சொல்வார்களா?